டயோடுக்குக் கால் வலி!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே நம் வகுப்பில் பாதிப் பேர் பேனாவை எடுத்துவிட்டார்கள். 'இளைஞர் சக்தி', 'வேலையில்லாத் திண்டாட்டம்', 'தாயின் பெருமை' என்று நல்ல நல்ல தலைப்புகள் எல்லாம் முதல் பீரியடிலேயே காலி! மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீ எதைப் பத்திடா எழுதப் போற?"

"எங்க வீட்டு கினி பிக்கைப் பத்தி."

"எலியைப் பத்தியா?"

"எலி இல்லடா."

"பிக்குன்னா பன்னிதானே?"

"பன்னியும் இல்ல."

"அப்ப எதைப் பத்தித்தான்டா எழுதப் போற?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

கினி பிக் என்பது கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதிதான் அதன் சொந்த ஊர். பெரு நாட்டு மலைவாசிகள் நாம் கோழி வளர்ப்பதுபோல் அதைப் பல ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் வளர்த்து வருகிறார்கள். உருண்டையான உடம்பு, வால் கிடையாது. முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று விரல். மொத்தம் 20 பல். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டே இருக்கும். தமிழில் சீமைப் பெருச்சாளி என்று ஒரு பெயர் உண்டு. எங்கள் அப்பாயி முன்னால் அந்தப் பெயரைச் சொல்லித் தொலைத்ததால், "பெருச்சாளியையா ஊட்டுக்குள்ள கொண்டாந்த?" என்று ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.

எனக்கு அது வந்த கதை ஹாஸ்டல் நண்பர்கள் சிலருக்குத் தெரியும். ஒரு சீனியர் அண்ணன் வார்டனுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வளர்த்து வந்தார். கோர்ஸ் முடிந்து போகும்போது டிராஃப்டரை ஒருவருக்கும், டேபிள் ஃபேனை ஒருவருக்கும், இதை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். டிராஃப்டர் கிடைத்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பெயர் நான் வைத்ததுதான் - டயோடு! முன்பக்கமாக மட்டும்தான் பாயும். சுவர் வந்து முட்டினால்கூடப் பின்பக்கமாக வராது, அப்படியே நின்று யோசிக்கும். எலக்ட்ரிகல் படிக்கிறவன் வேறு என்ன பெயர் வைப்பான்? கொத்தமல்லிக் கட்டு இருக்கும் கேரி பேக் சரசரவென்று சத்தம் போட்டால் போதும், "வீக்... வீக்..." என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி விசில் அடிக்கும். எங்கள் வீடு அம்மாபேட்டையில். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தையும் மீறி அந்த விசில் கேட்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி விசில் அடித்துக்கொண்டிருந்த டயோடு, மாடல் எக்ஸாமுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தம் போடவில்லை.

கொத்தமல்லியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கூண்டின் மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. இடது பின்னங்கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கையில் எடுக்கப் போனேன். ஒரு சத்தம் போட்டது பாருங்கள்... அதற்கு முன்பும் பின்பும் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. சின்னக் குழந்தை வீறிட்டது போல இருந்தது. சமையற்கட்டில் இருந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

ரத்தம் இல்லை. காயம் இல்லை. முட்டி மட்டும் லேசாக வீங்கியிருந்தது. முதல் நாள் இரவு நன்றாக ஓடிக்கொண்டிருந்த உயிர், காலையில் இப்படி. நடுவில் என்ன நடந்தது?

நமக்குத்தான் சர்க்யூட்டில் ஃபால்ட் என்றால் உடனே யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டுமே! கூண்டு பூட்டியிருந்ததால் பூனை வந்திருக்க முடியாது. தறி நூல் காலில் சுற்றியதா என்று பார்த்தேன், நூல் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது என் தங்கச்சி. ஒன்பதாவது படிக்கிறாள். இரவில் டயோடை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

"நீதானே கீழ போட்ட?"

"நான் போடலைண்ணா."

"பொய் சொல்லாத. வேற யாரு தொட்டாங்க?"

"சத்தியமா நான் போடலைண்ணா... கூண்டுல விட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

நான் நம்பவில்லை. அவள் அழுத அழுகையையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். 'தப்பு செய்யலைன்னா ஏன் அழணும்?' என்பது அன்றைய என் லாஜிக். அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரமாக உட்கார்ந்து டயோடையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். அப்பாயி மஞ்சள் பத்துப் போடச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா நல்லெண்ணெய் என்றார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதற்கு அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூல் ஒன்றைக் கொடுத்து, "பிரிச்சுக் கால்வாசி தண்ணியில கலக்கி ஊத்து, சரியாப் போயிடும்" என்றார்கள். வாங்கி வந்துவிட்டேன். கலக்குவதற்கு டம்ளரையும் எடுத்துவிட்டேன். "டாக்டர்கிட்ட கேக்காமக் குடுக்காதடா" என்று அம்மா டம்ளரைப் பிடுங்கி வைத்தார். அந்தப் பிடுங்கல்தான் டயோடின் உயிரைக் காப்பாற்றியது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பக்கத்தில் ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் பார்த்தார். "தம்பி, நான் மாடு, ஆடு, நாய் பார்க்கிறவன். இதுக்கு நான் குத்துமதிப்பா மருந்து குடுக்கக் கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போயிடு. காலையில முதல் பஸ்ல போ. அதுவரைக்கும் தண்ணியும் புல்லும் வாய்க்குப் பக்கத்துலயே வை" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெரிய மனசுக்கு இன்றும் என் வணக்கம்.

திங்கட்கிழமை விடியற்காலை. ஸ்டடி ஹாலிடே. மறுநாள் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் மாடல் எக்ஸாம். ஒரு கையில் புத்தகம், மறு கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. அப்பா, "எலிக்குப் போய் நாமக்கல்லா?" என்று முணுமுணுத்தாலும் சட்டைப் பையிலிருந்து 500 ரூபாயை எடுத்து நீட்டினார். "நானும் வரேன்" என்று தங்கச்சி யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள்.

மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று பஸ் போகிறது. பெட்டியை மடியில் வைத்து, குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கையா கீழே போட்டிருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கண்டக்டர், "பெட்டியில என்னப்பா, கோழிக்குஞ்சா?" என்றார். நாமக்கல் போகும் பஸ்ஸில் வேறு எதைக் கேட்பார்!

அங்கே பார்த்தவர் ஒரு லேடி டாக்டர். முதலில் தராசில் வைத்தார். 742 கிராம்.

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியலைங்க மேடம்."

"என்ன படிக்கிறீங்க?"

"டிப்ளமோ மேடம். ட்ரிபிள் ஈ."

"மீட்டர் ரீடிங் எடுக்காம எந்த மெஷினையாவது ஓட்டுவீங்களா? இதுக்கு மட்டும் ஏன் ரீடிங் இல்ல?"

தலை குனிந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. அதன் பிறகு டாக்டர் கேட்ட கேள்விகள் எல்லாம் காலைப் பற்றியே இல்லை. என்ன சாப்பிடும், எவ்வளவு புல், கூண்டுத் தரை எப்படி, கடைசியாக எப்போது புழுக்கை போட்டது...

எங்கள் வீட்டுச் சாப்பாடு - ரொட்டித் துண்டு, ஊறவைத்த கடலை, வெள்ளரிக்காய், எப்போதாவது கொத்தமல்லி. 'செல்லமாக' வளர்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் கினி பிக்காலும் அது முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமாவது வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் 30 வரை தேவைப்படும். குறைந்தால் ஸ்கர்வி. மூட்டு வீங்கும், வலிக்கும், தொட்டால் கத்தும்.

"அப்ப இது ஸ்கர்வியா மேடம்?"

"இருக்கலாம். சுளுக்காவும் இருக்கலாம். சத்துக் குறைஞ்ச மூட்டுல சின்ன அடி பட்டு, அது பெரிசாவும் ஆகியிருக்கலாம். இதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"காரணம் தெரியாம எப்படி மேடம் வைத்தியம் பண்றது?"

அவர் சொன்ன பதிலை என் அப்சர்வேஷன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "தம்பி, காரணம் அப்புறம். இப்ப இதுக்கு ரெண்டு ஆபத்து. ஒண்ணு வலி. ரெண்டாவது, வலியால சாப்பிடாம இருக்கறது. இதோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் சாப்பிடலைன்னாலே குடல் நிக்க ஆரம்பிச்சுடும். கால் வலியால சாகாது, பட்டினியால செத்துடும்."

நம் ஒர்க்‌ஷாப்பில் முதல் நாளே சொல்லித் தருவார்களே, 'ஃபால்ட் எங்கேன்னு அப்புறம் தேடு, முதல்ல மெயினை ஆஃப் பண்ணு' என்று! அதேதான்.

அமாக்ஸிசிலின் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பென்சிலின் குடும்பத்து மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, விஷக் கிருமிகள் பெருகி உயிரையே எடுத்துவிடுமாம். மனிதனைக் காப்பாற்றும் மருந்து இதற்கு எமன்! அம்மா டம்ளரைப் பிடுங்காமல் இருந்திருந்தால்... நினைக்கவே கை நடுங்கியது.

வலிக்குச் சொட்டுக் கணக்கில் மெலாக்ஸிகாம், வைட்டமின் சி, ஊசி இல்லாத சிரிஞ்ச் இரண்டு, ஏகப்பட்ட கண்டிஷன். இதுதான் நாங்கள் கொண்டு வந்த மருந்து.

அன்று இரவிலிருந்து எங்கள் வீட்டில் ஷிஃப்ட் சிஸ்டம்! மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். முயல் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கூழாக்கி, சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேராகத் தொண்டைக்குள் அடித்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு சொட்டு விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த சொட்டு. 5 மில்லி உள்ளே போக அரை மணி நேரம். அதில் பாதி என் சட்டையில்!

10 மணி ஷிஃப்ட் தங்கச்சி. 1 மணி நான். 4 மணிக்கு யார் என்று பேசவே இல்லை. தங்கச்சிக்கு ஸ்கூல், எனக்கு எக்ஸாம். அலாரம் வைத்து எழுந்து போய்ப் பார்த்தால், தறியை நிறுத்திவிட்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டில் டயோடைச் சுற்றி, எண்ணெய்க் கறை படிந்த கையில் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாய்... இந்தா... இன்னும் ஒரு வாய்டா கண்ணு" என்கிறார். 'எலிக்குப் போய் நாமக்கல்லா' என்று கேட்ட அதே அப்பா! நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் மளிகைக் கடை திறந்தவுடன் எலக்ட்ரானிக் தராசில் எடை. "தராசுல மூத்திரம் போனா நீதான் தொடைக்கணும்" என்ற ஒப்பந்தத்தோடு அண்ணாச்சி அனுமதி கொடுத்தார். ரீடிங் டேபிள் இதோ: திங்கள் 742. செவ்வாய் 730. புதன் 718. வியாழன் 715. கூடவே புழுக்கைக் கணக்கும் ஒரு காலத்தில். செவ்வாய்க்கிழமை மொத்தமே 6. நல்ல நாளில் நூற்றுக்கு மேல் போடும் பிராணி!

புதன்கிழமை இரவு நம்பிக்கை போய்விட்டது. கண்ணை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. இதைப் போன்ற பிராணிகள் வலியை வெளியே காட்டாதாம். காட்டில் வலியைக் காட்டினால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் மறைத்துக்கொள்ளுமாம். அதுவே அன்று காலை வீறிட்டது என்றால், அதற்கு எவ்வளவு நாளாக வலித்ததோ! நாங்கள்தான் கவனிக்கவில்லையோ!

வெள்ளி 715. முதல்முறையாக இறங்கவில்லை. சனி 722! அண்ணாச்சி கடையில் நின்றவர்கள் எல்லாம் என்னவோ லாட்டரி விழுந்ததுபோல் என்னைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை புழுக்கை எண்ணுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவு!

மறு செவ்வாய்க்கிழமை மாலை. அம்மா சந்தையிலிருந்து வந்து பையை வைக்கிறார். சரசரவென்று ஒரு சத்தம். அடுப்படியிலிருந்து தங்கச்சி கத்தினாள். "அண்ணா! விசில்!" எனக்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்தச் சொல்லி ஓடினாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெதுவாக, கம்மிய குரலில், "வீக்..."

இரண்டாவது வாரம் கால் தரையில் பட்டது. மூன்றாவது வாரம் நடந்தது. ஒரு மாதத்தில் எடை 810. இப்போதும் குளிர்காலக் காலைகளில் லேசாகக் காலைத் தாங்கும்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்.

கூண்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய கூண்டு நானே செய்தது. வெல்டு மெஷ் வாங்கி, சொந்தமாக அளவெடுத்து, சுத்தம் செய்வது சுலபம் என்று தரைக்கும் கம்பி வலையே போட்டிருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கழற்றும்போது வெர்னியர் வைத்து ஒரு கட்டத்தை அளந்து பார்த்தேன். டயோடின் பின்னங்கால் பாதம் நுழைந்து, திருப்பினால் மாட்டிக்கொள்ளும் அளவு. மென்மையான பாதம் கொண்ட இந்தப் பிராணிக்குக் கம்பித் தரையே கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. அந்த இரவு அங்கேதான் கால் மாட்டியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. ஆனால் தங்கச்சி மேல் சந்தேகப்பட எனக்கு எவ்வளவு ஆதாரம் இருந்ததோ, அதைவிட அதிகம் என் கைவேலை மேல் இருந்தது.

அன்று மாலை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை அண்ணன்மார் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. "கம்பி வலையிலதான் மாட்டியிருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். அவள் டயோடுக்கு அருகம்புல் கொடுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"டயோடுக்குத்தான் பேசத் தெரியாதுண்ணா. நான் சொன்னேனே."

நண்பர்களே, எனக்குப் பதில் வரவில்லை. பேச முடியாத உயிருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க நாமக்கல் வரை போனேன். பேசத் தெரிந்தவள் பக்கத்தில் நின்று சொன்னதைக் கேட்கவில்லை. 'சாரி' என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. ஆனால் அன்றிரவு என்னிடம் ட்ரிக்னாமெட்ரி கணக்கு கேட்டாள்.

லைப்ரரியில் பிறகு தேடிப் படித்தேன். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது அவர் பரிசோதனையில் இருந்தது கினி பிக். 1907-ல் நார்வே விஞ்ஞானிகள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் வெறும் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்து, ஸ்கர்வி சாப்பாட்டுக் குறையால் வருவது என்று காட்டியதும் கினி பிக்கில்தான். அந்த வழியில் வந்த ஆராய்ச்சிதான் வைட்டமின் சி வரை கொண்டு போனது. நம் ஈறில் ரத்தம் வராமல் இருக்க எத்தனையோ டயோடுகள் மூட்டு வீங்கிக் கிடந்திருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஒரு மாதம் கூழ் ஊட்டினோம். கடனில் ஒரு பைசா அடைந்திருக்கும்.

யாராவது வளர்ப்பதாக இருந்தால் என் அனுபவத்தில் நாலு வார்த்தை. கம்பித் தரை வேண்டாம். பழைய துணி விரியுங்கள். புல்தான் முக்கிய உணவு. கொத்தமல்லி, குடைமிளகாய், கொய்யாத் துண்டு தினமும் கொஞ்சம். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். மனித மருந்தைத் தொடாதீர்கள். முடிந்தால் ஜோடியாக ஒரே இனமாக வளருங்கள், தனிமை அதற்குப் பிடிக்காது. எங்கள் டயோடுக்கும் துணைக்கு ஒன்று வந்துவிட்டது. பெயர் ஜீனர்!

ஆமாம், அந்த மெஷின்ஸ் மாடல் எக்ஸாம்? 100-க்கு 31. பேப்பர் கொடுக்கும்போது சார் காரணம் கேட்டார். "வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை சார்" என்றேன்.

பொய் இல்லையே!

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை